இல்லம் எனும் இளைப்பாறும் இடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை முன்னிட்டு, இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. அவனது அருளும் சாந்தியும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



இவ்வாண்டு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் நம்மிடம் கேட்டபோது, வீட்டை உள்ளே அழகுபடுத்துவது பற்றிப் பேசப் போகிறோம் என்றோம். அவர் சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். ஜகாத், வாரிசுரிமை, பிள்ளைகளின் ஒழுக்கம் என்று ஆண்டுதோறும் கேட்டுப் பழகியவருக்கு அது வியப்பாக இருந்திருக்கும். ஆனால் இந்தத் தலைப்பை நாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் செய்த ஒரு பிழை நம்மைத் தேர்ந்தெடுக்க வைத்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதி பெற்றே சொல்கிறோம். அவர்கள் யார் என்று எவரும் ஆராய வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பயானில், வீண்விரயம் பற்றிக் கடுமையாகப் பேசினோம். வீடுகளில் தொங்கும் திரைச்சீலைகள், வண்ண விளக்குகள், பூ ஜாடிகள் அனைத்தும் ஷைத்தானின் அலங்காரம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தோம். கூட்டம் தலையாட்டியது. பேச்சு நன்றாக அமைந்தது என்று நாமும் மகிழ்ந்தோம். அடுத்த வாரம் பெரியவர் ஒருவர் அஸருக்குப் பின் நம்மிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார். "ஹஜ்ரத், என் மகள் ஒன்று கேட்டுவரச் சொன்னாள். அவள் தானே தைத்து மாட்டியிருந்த சன்னல் திரைகளை, உங்கள் பயானைக் கேட்டுவிட்டு மருமகன் பிடுங்கிப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வரும் மனிதன் முகம் மலரட்டும் என்று நினைத்தது பாவமா, கேட்டு வாருங்கள் என்கிறாள்" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்துக் கொண்டு அமர்ந்தோம். மதரஸாவில் ஓதிய ஹதீஸ்கள்தாம். ஆனால் பாதியை மட்டும் மிம்பருக்கு எடுத்துச் சென்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரைச்சீலை பற்றிய ஹதீஸை நம்மில் பலர் அறிவோம். நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றிலிருந்து திரும்பியபோது, அன்னையவர்கள் மாடம் ஒன்றின் மீது உருவங்கள் பொறித்த திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதனைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறியது, அதனை அகற்றினார்கள். இத்துடன் நிறுத்திவிடுவதே நமது வழக்கம். பிறகு நடந்ததையும் அன்னையவர்களே கூறுகிறார்கள்: அந்தத் துணியைக் கொண்டு ஒன்றோ இரண்டோ தலையணைகள் செய்து கொண்டார்கள். அவற்றின் மீது நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்து அமர்வார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. வெறுக்கப்பட்டது உயிரினங்களின் உருவமும், அது கண்ணியப்படுத்தப்படுவது போல உயரத்தில் தொங்கியதும். துணி வெறுக்கப்படவில்லை. அது வீட்டை விட்டு வெளியேற்றப்படவும் இல்லை. அந்தச் சின்னஞ்சிறு அறைக்கு ஒரு சாய்மானம் கிடைத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்த திங்கட்கிழமையன்று, ஃபஜ்ருத் தொழுகையில் அபூபக்ர் (ரலி) அவர்களின் பின்னால் மக்கள் அணிவகுத்து நின்றபோது, ஆயிஷா (ரலி) அவர்களின் அறைத் திரையை விலக்கிப் பார்த்துப் புன்னகைத்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிறகு திரை விழுந்தது. தோழர்கள் அந்தத் திருமுகத்தைக் கடைசியாகக் கண்ட காட்சிகளுள் ஒன்று அது. அந்த வீட்டு வாசலில் ஒரு திரை தொங்கிக் கொண்டுதான் இருந்தது, ஜமாஅத்தார்களே! நாம் அதனை எப்படி மறந்தோம்?

சுவர்களுக்குத் துணி போர்த்துவது பற்றியும் ஒரு ஹதீஸ் உண்டு. கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்பது அதன் கருத்து. ஆடம்பரத்திற்காகச் சுவர் முழுவதும் துணி போர்த்துவதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மக்ரூஹ் என்றே விளக்குகிறார்கள். ஹராம் என்று சொல்லவில்லை. வெயிலைத் தடுக்கவும், அயலார் பார்வையை மறைக்கவும் சன்னலுக்கு இடும் திரை இதில் சேராது. ஃபிக்ஹு நூல்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பேசும் விஷயத்தை, நாம் ஒரே மூச்சில் பேசி ஒரு பெண்ணின் வீட்டைக் கலைத்தோம்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆம் வசனத்தில் அல்லாஹ் தனது அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது வீட்டையும் குறிப்பிடுகிறான். அங்கே அவன் பயன்படுத்தும் சொல் 'ஸகன்'. அசைவு அடங்கி அமைதி கொள்ளும் இடம் என்பது அதன் பொருள். 'ஸகீனத்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அர்ரூம் அத்தியாயத்தின் 21-ஆம் வசனத்தில் கணவன் மனைவி உறவைச் சொல்லும்போதும் இதே வேர்ச்சொல் வருகிறது. துணையிடம் மனிதன் பெற வேண்டியதையும் வீட்டிடம் பெற வேண்டியதையும் ஒரே சொல்லால் அழைக்கிறது அரபு மொழி. தோழர் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றில், மனிதனின் நற்பேறுகளாகச் சொல்லப்பட்ட நான்கினுள் விசாலமான வீடும் ஒன்று. ஆகவே, வீடு மனதிற்கு இதமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது உலகாசை ஆகாது.

ஆனால், எது இதம்?

துஆச் செய்வதற்காகப் பல வீடுகளுக்கு நம்மை அழைக்கிறீர்கள். குடிபுகும் நாளில் வருகிறோம், நோயாளியைப் பார்க்க வருகிறோம், ஜனாஸாவிற்கும் வருகிறோம். ஒரே வீட்டின் மூன்று முகங்களையும் பார்க்கும் வாய்ப்பு இமாமுக்கு உண்டு. வளைகுடாவில் உழைத்துக் கட்டிய வீடுகள் நமது ஊரில் நிறைய உள்ளன. முன்னறையில் கால் வழுக்கும் பளிங்கு. கண்ணாடி அலமாரியில் ஒருபோதும் எடுக்கப்படாத பீங்கான் கோப்பைகள். சோபாவின் மீது வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை. அந்த அறைக்கு விருந்தினர் வந்தால் மட்டுமே விளக்கு எரியும். பிள்ளைகள் அதில் கால் வைத்தால் அதட்டுகிறோம். குடும்பம் முழுவதும் அடுப்படியை ஒட்டிய சிறிய இடத்தில் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்கிறது. அரபு நாட்டில் எட்டுப் பேருடன் ஓர் அறையில் படுத்து அனுப்பிய பணத்தில், மனைவி மக்கள் ஊரிலும் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். மற்ற அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

முஸ்லிம் கிரந்தத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இதற்கென்றே சொல்லப்பட்டது போல இருக்கிறது. ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு. நான்காவது ஷைத்தானுக்குரியது என்பது அதன் கருத்து. தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதையே நான்காவது குறிக்கிறது என்று அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். பிள்ளைகளுக்குத் தேவையான படுக்கை அதில் அடங்காது. நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசையை. விருந்தாளிக்கு இடம் உண்டு, ஆனால் மூன்றாவதாக. நாமோ விருந்தாளியை முதலில் வைத்து, வீட்டாரைக் கடைசியில் வைத்துவிட்டோம்.

அதிலும் நம்மை வருத்துவது முதியோரின் நிலை. புதிதாகச் சீரமைக்கப்பட்ட வீடு ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மகன் பெரும் செலவில் தரை முழுவதும் பளபளக்கும் டைல்ஸ் பதித்திருந்தார். அவருடைய தாயார் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார்கள். "வீடு நன்றாகத்தான் இருக்கிறது ஹஜ்ரத், எனக்குத்தான் நடக்கப் பயமாக இருக்கிறது" என்றார்கள். தமது பழைய கயிற்றுக் கட்டில் எங்கே என்றும் கேட்டார்கள். புதுத் தரைக்குப் பொருந்தவில்லை என்று அதனைக் கொடுத்துவிட்டார்களாம். குளியலறைக்கும் அதன் வாசலுக்கும் சொரசொரப்பான தரைக்கல் பதித்து, சுவரில் பிடித்து எழுந்திருக்க ஓர் இரும்புக் கம்பி பொருத்த ஆகும் செலவு, கூரையில் பதித்த வண்ண விளக்குகளின் செலவில் மிகச் சிறிய பங்கே இருக்கும். வீட்டை அழகுபடுத்தப் புறப்படுவோர், அந்த வீட்டில் அதிகம் பலவீனமானவர் யார் என்று பார்த்து அவருடைய அறையிலிருந்து தொடங்குங்கள்.

நமது முன்னோர் இதனை அறிந்திருந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமும் காற்றும் இறங்கி வரும் முற்றம், பெண்கள் கூச்சமின்றிப் புழங்குவதற்குத் தனிப்பகுதி, வருவோர் அமரத் திண்ணை என்று வாழ்க்கைக்கு ஏற்றவாறு வீடு அமைந்திருந்தது. டமாஸ்கஸிலும் மொரோக்கோவின் ஃபெஸ் நகரிலும் உள்ள பழைய இல்லங்கள் தெருப்பக்கம் வெறும் சுவராகவே தோன்றும். உள்ளே நுழைந்தால்தான் முற்றமும் நீர்த்தொட்டியும் மரங்களும் தெரியும். அழகு உள்ளே வாழ்பவருக்கு, தெருவில் போகிறவருக்கு அல்ல என்பது அவர்கள் கணக்கு. இன்று நாம் தெருப்பக்கச் சுவருக்கு மூன்று வண்ணம் பூசுகிறோம். உள்ளே பிள்ளை படிக்கும் மூலையில் வெளிச்சம் இல்லை.

பழைய வீட்டுக்குத் திரும்பிவிட முடியாது. மூன்று சென்ட் நிலத்தில் முற்றம் வைப்பது எளிதன்று. இருக்கும் கான்கிரீட் வீட்டிலேயே செய்யக்கூடியவை பல உள்ளன. இவற்றில் சிலவற்றை நமது இல்லத்தாரிடமிருந்தே கற்றுக் கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கோடையில் நமது வீடுகளை வாட்டுவது மொட்டை மாடியில் இறங்கும் வெப்பம். மாடித் தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் சென்றுவிடும். கீழறையில் புழுக்கம் குறையும். மேற்கு நோக்கிய சன்னலில் மூங்கில் தட்டியோ, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் மாலை வேளையில் அறை குளிர்ந்து மணக்கும். வெளிச்சம் குறைந்த சிறிய அறைக்கு அடர்ந்த வண்ணம் பூசாதீர்கள். வெண்மையோ இளமஞ்சளோ பூசினால் அறை அகன்றது போலத் தோன்றும்.

விளக்கு விஷயத்தில் பலரும் தவறு செய்கிறோம். வெண்ணீல ஒளி தரும் விளக்கைப் படுக்கையறை வரை மாட்டிவிட்டு, மருத்துவமனை போல் இருக்கிறதே என்று குறைப்படுகிறோம். இன்றைய எல்.இ.டி. விளக்குப் பெட்டியின் மீது கெல்வின் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். 6500 என்றிருந்தால் வெண்ணீல ஒளி. சமையலறைக்கும் தையல் இயந்திரத்திற்கும் அது ஏற்றது. 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பு போல மஞ்சள் கலந்த இதமான ஒளி. இஷாவிற்குப் பின் குடும்பத்தார் கூடி அமரும் இடத்திற்கு அதுவே பொருந்தும். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. இமாம் மின்சாரக் கடை விஷயம் பேசுகிறாரே என்று சிரிக்கிறீர்கள். உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுமாறும், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக் கூடும் என்றும் சொல்லித் தந்த நபியின் உம்மத் நாம். தரமற்ற கம்பியில் அலங்கார விளக்குச் சரம் மாட்டி, இரவு முழுவதும் எரியவிட்டு உறங்குவோர் அதனை நினைவில் கொள்ளுங்கள்.

தரைவிரிப்புக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பாய் முடைகிறார்கள். அதில் மிக நுண்ணியதைப் பட்டுப் பாய் என்பார்கள். பட்டுத் துணி போல மடியும். அந்தக் கைத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்களில் பெரும்பாலோர் நமது சமுதாயத்துக் குடும்பத்தினர். மணமக்கள் பெயரை நெய்து தரும் திருமணப் பாய்களும் அங்கே கிடைக்கும். ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளம், கரூர்த் திரைத்துணி, சென்னிமலைப் போர்வை யாவும் நமது வெப்பத்திற்கு ஏற்ற பருத்தித் துணிகள். வளைகுடாவிலிருந்து சுமந்து வரும் தடித்த செயற்கை இழைக் கம்பளம் நமது புழுக்கத்தில் தூசியும் நாற்றமும் சேர்த்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தொல்லை தருவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

சுவரில் மாட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். உருவச் சிலைகளை அலமாரியில் அடுக்கி வைப்பது கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை. புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழும் திசையில் வேண்டாம் என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். ஆனால் குர்ஆன் வசனங்களைத் தங்க நிறச் சட்டமிட்டு மாட்டுவது மட்டும் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நினைக்கிறோம். சுவர்களில் குர்ஆன் வசனங்களைப் பொறிப்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அத்திப்யான்' நூலில் மக்ரூஹ் என்று குறிப்பிட்டுள்ளார்கள். சட்டத்தின் மீது ஒட்டடை படிந்திருக்க, ஓத வேண்டிய முஸ்ஹஃப் அலமாரியின் உச்சியில் பட்டுத்துணியில் பொதிந்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். அதனைக் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு ரேஹாலில் வையுங்கள். வீட்டிற்கு அதைவிட அழகான பொருள் உண்டா?

இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற அன்ஸாரித் தோழர் இருந்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்கள். பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும். தமது கூட்டத்தாரின் பள்ளிக்குச் செல்ல இயலாது. நாயகம் (ஸல்) அவர்கள் தமது வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழ வேண்டும். அதனையே தமது தொழுமிடமாக்கிக் கொள்ள வேண்டும் என்று வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். வீட்டிற்குள் வந்ததும் உட்காரக்கூட இல்லை. உமது வீட்டில் எங்கே தொழ விரும்புகிறீர் என்றே கேட்டார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார்கள். அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள். பிறகு இறைச்சியும் மாவும் சேர்த்துச் சமைத்த உணவுக்காக அவர்களை நிறுத்தி வைத்துக் கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் கூடி வீடு நிறைந்துவிட்டது.

ஒரு மூலை. அவ்வளவுதான். தனி அறை வேண்டியதில்லை. மேற்கு நோக்கி ஒரு பாய் விரிக்கும் இடம், அருகே ரேஹால், பெண்களின் தொழுகை உடை தொங்க ஓர் ஆணி. அங்கே கண்ணைக் கவரும் சித்திர வேலைப்பாடு வேண்டாம். தொழுகையில் தமது கவனத்தில் குறுக்கிட்ட வண்ணத் திரையை அகற்றுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்ன ஹதீஸும் புகாரியில் உள்ளது. நமது பெண்மக்கள் பலர் துணி மூட்டைகளுக்கும் அரிசி டின்னுக்கும் இடையே தொழுகிறார்கள். அந்த மூலையிலேயே ஒரு மேசையும் விளக்கும் வைத்தால், தொழாத நேரத்தில் மகள் அங்கே அமர்ந்து படிப்பாள்.

கடன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டின் உள்வேலைக்கென்று வட்டிக்குக் கடன் வாங்குவதும், மனைவியின் நகையை அடகு வைப்பதும் இப்போது ஊரில் பெருகி வருகின்றன. கூடாது. அந்த நகை அவளுக்குரிய சொத்து. உங்கள் கூரை அலங்காரத்திற்கு உரியதன்று. நாயகம் (ஸல்) அவர்கள் தமது அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திருமணத்தின்போது தந்தவை ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் துருத்தி, வாசனைப் புல் அடைத்த ஒரு தலையணை. பின்னொரு நாள் அவ்வீட்டு வாசலில் வண்ண வேலைப்பாடு கொண்ட திரையைக் கண்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஃபாத்திமா (ரலி) அவர்கள் கேட்டனுப்பியபோது, தேவையுடைய இன்ன குடும்பத்தாருக்கு அதனை அனுப்பிவிடுமாறு சொன்னார்கள். அவர்கள் இருவருக்கும் அவர் கற்பித்த தரம் அது. ஊரார் அனைவருக்கும் அதனைச் சட்டமாக்கவில்லை. எனினும் அந்தத் திரை ஏழை ஒருவரின் வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பெரியவருக்கு மறுநாளே பதில் சொன்னோம். சொன்னதோடு நிற்காமல் அவர் மருமகனின் வீட்டிற்கும் சென்று, நாம் பாதி ஹதீஸ் சொல்லிவிட்டோம், அது எமது பிழை என்று அவரிடமே கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து அவருடைய தந்தையின் உடல்நலம் விசாரிக்கச் சென்றபோது, நோயாளியின் கட்டிலருகே இருந்த மேற்குச் சன்னலில் இளநீல நிறத் திரை தொங்கியது. மாலை வெயில் அதில் வடிகட்டி விழுந்து கொண்டிருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி சற்றுத் தாழ்ந்திருந்தது. "நான்தான் மாட்டினேன் ஹஜ்ரத், சரியாக வரவில்லை" என்றார் அவர்.

நிர்வாகத்தாரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் வீடுகளில் பூட்டிய அறைகளில் கிடக்கும் கட்டில், மேசை, அலமாரி, நல்ல நிலையிலுள்ள பாய், திரைத்துணி ஆகியவற்றைப் பள்ளிவாசலின் பின்புற அறையில் ஒப்படைக்கலாம். நமது ஜமாஅத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களின் பட்டியல் செயலாளரிடம் உள்ளது. யாருடையது, யாருக்குச் சென்றது என்பது வெளியே வராது. உடைந்தவற்றைக் கொண்டுவர வேண்டாம். கயிற்றுக் கட்டில் இருந்தால் அவசியம் கொண்டு வாருங்கள். அதற்காக ஒரு தாயார் காத்திருக்கிறார்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.